போர்வெல்லைக் கைவிடும் முன், உப்பு எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்று பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊரின் குடிநீர் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் உப்பாகிவிட்டது, வேறு கிணறு போட்டுத் தாருங்கள் என்று மக்கள் காலிக் குடங்களுடன் சாலையில் அமரும் செய்திகள் கோடைதோறும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வருகின்றன. அவர்கள் கேட்பது முற்றிலும் நியாயமானது. ஆனால் அதற்கு நிர்வாகம் தரும் தீர்வு பெரும்பாலும் ஒரே வகையில் அமைந்துவிடுகிறது. பழைய கிணற்றிலிருந்து மோட்டாரை உருவி எடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி, முன்னதைவிட ஆழமாக இன்னொரு துளை போடப்படுகிறது. பழைய துளைக்குள் எத்தனை ஊற்றுகள் உள்ளன, அவற்றில் எது உப்பு, எது நல்ல தண்ணீர் என்று யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கவும், கெட்ட ஊற்றை மட்டும் பிரித்து அடைக்கவும் ஒரு கருவி உண்டு. துறையில் அதைப் பேக்கர் என்பார்கள். நிலத்தடி நீர்ப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நம் குடிநீர்க் கிணறுகளில் அதை முறையாகப் பயன்படுத்த வேண்டியதன் தேவையை உங்கள் வாசகர்களிடமும், அவர்கள் வழியாக அரசிடமும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

தமிழகத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கிரானைட், நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறைகளால் ஆனது. இப்பாறையின் உடலில் தண்ணீர் கிடையாது; அதில் உள்ள வெடிப்புகளில்தான் தண்ணீர் ஓடுகிறது. கிணற்றுத் துளை போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் அந்த வெடிப்புகளைக் ‘கேப்’ என்பார்கள். நூற்றிருபது அடியில் ஒரு கேப், முந்நூற்றைம்பதில் ஒன்று, அறுநூறுக்குக் கீழே இன்னொன்று என்று அவை அமையும். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வந்து சேரும் வழி வேறு, அந்தத் தண்ணீர் பாறையோடு உறவாடிய காலம் வேறு, ஆகவே அதன் குணமும் வேறு. மேலேயுள்ள கேப்பில் வயல் உரத்திலிருந்தும் கழிப்பறைக் குழிகளிலிருந்தும் இறங்கிய நைட்ரேட் இருக்கலாம். ஆழத்தில் உள்ளதில் பாறையின் கனிமங்களிலிருந்து கரைந்த ஃபுளோரைடு இருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு தலைமுறையின் பற்களையும் எலும்புகளையும் பாதித்த ஃபுளோரைடு எந்த ஆலையிலிருந்தும் வந்ததன்று, பாறையிலிருந்தே வந்தது.

நாம் போடும் ஆழ்துளைக் கிணறு இந்த வேறுபாட்டையெல்லாம் ஒரே துளைக்குள் கலந்துவிடுகிறது. மேல்மண்ணும் சிதைந்த பாறையும் சரியாமல் இருக்க, கடினப் பாறை தட்டும் வரை மட்டும் கேசிங் பைப் இறக்கப்படுகிறது. அதற்குக் கீழே ஆறரை அங்குல அகலத்தில் அடிவரை வெறும் பாறைச் சுவர்தான். மோட்டார் ஓடும்போது எல்லாக் கேப்புகளின் தண்ணீரும் கலந்து ஒரே குழாயில் வெளிவருகிறது. அந்தக் கலவையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, வந்த ஒற்றை எண்ணைக் கொண்டு கிணற்றின் தலைவிதியை முடிவு செய்கிறோம்.

அந்த எண் எவ்வளவு தவறாக வழிகாட்டக்கூடும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு கிணற்றின் தண்ணீரில் முக்கால் பங்கு, லிட்டருக்கு 3000 மில்லிகிராம் உப்புள்ள மேல் கேப்பிலிருந்தும், கால் பங்கு, 600 மில்லிகிராம் உப்புள்ள கீழ் கேப்பிலிருந்தும் வருவதாகக் கொள்வோம். கலந்து வரும் தண்ணீரில் 2400 மில்லிகிராம் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலைப்படி கரைந்த உப்புகளுக்கு விரும்பத்தக்க வரம்பு 500, மாற்று நீர் கிடைக்காத இடத்தில் அனுமதிக்கத்தக்க உச்ச வரம்பு 2000. எனவே கிணறு தகுதியற்றது என்று முடிவாகிறது. அதே துளைக்குள், வரம்புக்கு வெகு கீழே நிற்கும் நல்ல தண்ணீர் ஓர் ஊற்றாக ஓடிக்கொண்டிருப்பது அறிக்கையில் எங்கும் தெரிவதில்லை.

இதைவிடக் கவலை தருவது, மோட்டார் ஓடாத நேரத்தில் துளைக்குள் நடப்பது. வெவ்வேறு கேப்புகளில் நீரழுத்தம் வெவ்வேறாக இருக்கும். ஆழத்து ஊற்றுகளை அளவுக்கு மீறி இறைத்துவிட்ட ஊர்களில், கொங்குப் பகுதியின் பல இடங்கள் உட்பட, கீழே அழுத்தம் குறைந்தும் மேலே கூடுதலாகவும் இருக்கிறது. அத்தகைய இடத்தில் திறந்து கிடக்கும் துளை, மேல் ஊற்றின் கெட்ட நீரை இரவும் பகலும் கீழ் ஊற்றுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். நொய்யலில் ஓடிய திருப்பூர்ச் சாயக் கழிவு, 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றிலும் உள்ள மண்ணிலும் திறந்தவெளிக் கிணறுகளிலும் ஏறியதை நாடறியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகும், மண்ணுக்குள் போன உப்பு அங்கேயே தங்கியது. அத்தகைய மண்ணில் மேலூற்றைத் தடுக்காமல் போடப்படும் ஒவ்வொரு ஆழத்துளையும் அந்த உப்பு இயற்கையாக எட்டியிராத ஆழத்துக்கு நாமே அமைத்துக் கொடுக்கும் பாதையாகிவிடும். மேலே தண்ணீர் கெட்டதால் ஆழத்துக்குப் போகிறோம்; போன வழியிலேயே மேல் கேடும் பின்தொடர்கிறது. அடுத்த கிணற்றை இன்னும் ஆழமாகப் போட்டாலும் இதே நிலைதான் நேரும்.

பேக்கர் என்பது அமைப்பில் எளியது. நடுவில் ஓர் இரும்புக் குழாய், அதைச் சுற்றி உள்ளே கம்பி இழையோ வலுவான நூலிழையோ பின்னப்பட்ட தடித்த ரப்பர் உறை, உறைக்குள் நீரையோ நைட்ரஜன் வாயுவையோ செலுத்த ஒரு மெல்லிய குழல். தேவையான ஆழத்துக்கு இறக்கி அழுத்தம் கொடுத்தால், சைக்கிள் டியூப் டயருக்குள் புடைத்து நிற்பதுபோல ரப்பர் விரிந்து பாறைச் சுவரைச் சுற்றிலும் இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணத்திலிருந்து மேலுள்ள தண்ணீர் வேறு, கீழுள்ள தண்ணீர் வேறு. சில மீட்டர் இடைவெளியில் இரண்டு பேக்கர்களை ஒரே குழாயில் கோத்து இறக்கினால், நடுவில் அகப்படும் ஒரு கேப்பை மட்டும் தனியே பிரித்து, அதன் நீர்மட்டத்தையும் வரத்தையும் உப்பையும் அளக்க முடியும். சோதனை முடிந்ததும் அழுத்தத்தை இறக்கி, அடுத்த கேப்புக்கு நகர்த்தலாம்.

வேலையின் பெரும்பகுதி பேக்கரை இறக்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது. மோட்டாரையும் பைப்புகளையும் மேலே எடுத்து, கம்ப்ரசரால் துளையை நன்றாகக் கழுவி, பிறகு கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். போர்வெல் கேமரா இன்று சிற்றூர்களிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. கேப்புகள் எந்த அடியில் உள்ளன, பக்கச் சுவரிலிருந்து தண்ணீர் எங்கே கசிகிறது, கேசிங்கின் அடிப்பகுதி பாறையில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். பேக்கர் உட்காரும் இடம் வெடிப்பில்லாத, வழவழப்பான, துளையின் அகலம் மாறாத பாறையாக இருக்க வேண்டும். கேப்பின் மேலேயே உட்கார வைத்தால், ரப்பரைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் போய்விடும். கூரிய பாறை விளிம்பில் பட்டு உறை கிழியவும் கூடும். ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ வீதம் தண்ணீரே வெளியிலிருந்து அழுத்தும். வாயுவால் விரிக்கும்போது அதைத் தாண்டிக் கொடுத்தால்தான் ரப்பர் சுவரைத் தொடவே செய்யும்.

இறைத்துச் சோதிக்கும்போது பேக்கருக்கு மேலும் கீழும் உள்ள நீர்மட்டங்களைச் சேர்த்தே கண்காணிக்க வேண்டும் என்பது நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்தி. நடுப்பகுதியை இறைக்கும்போது மேல் நீர்மட்டமும் கூடவே இறங்கினால், பேக்கர் கசிகிறது அல்லது பாறைக்குள்ளேயே இரண்டு கேப்புகளும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன என்று பொருள். இந்தக் கண்காணிப்பு இல்லாத சோதனை முடிவை நான் ஏற்க மாட்டேன். இன்னொன்று, ஆறரை அங்குலத் துளையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 21 லிட்டர் தண்ணீர் நிற்கும். மூன்று மீட்டர் இடைவெளியைப் பிரித்தால் உள்ளே இருப்பது சுமார் 64 லிட்டர்தான். அதைச் சில முறை மாற்றி எடுக்கச் சிறிய மோட்டாரே போதும். ஆனால் பல ஆண்டுகளாக மேல் நீர் கீழே இறங்கிக்கொண்டிருந்த கிணற்றில், கீழ் கேப்பைச் சுற்றியுள்ள பாறையே அந்நீரால் நிறைந்திருக்கும். எனவே முதலில் வரும் தண்ணீர் உப்பாக இருந்தாலும் அவசரப்பட்டு முடிவு செய்யாமல், உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன் ஒரே அளவில் நிலைக்கும் வரை, தேவையானால் நாள்கணக்கில், இறைத்துப் பார்க்க வேண்டும். நிலைத்த பிறகு எடுக்கும் மாதிரியில்தான் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் பார்க்கப்பட வேண்டும். தரநிலை ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமையும் நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராமையும் உச்ச வரம்பாக வைத்திருக்கிறது.

கெட்ட ஊற்று எது என்று தெரிந்த பின் நிலையான அடைப்பு. கேடு அடியில் என்றால் வேலை எளிது. துளையின் அடிப்பகுதியை அந்தக் கேப்புக்கு மேல் வரை சிமென்ட் கலவையால் நிரப்பிவிட்டால் முடிந்தது. ஃபுளோரைடு ஆழத்து ஊற்றிலிருந்து வருகிறது என்று சோதனை காட்டும் கிணறுகளுக்கு இது பொருந்தும். கேடு மேலே என்றால் சற்றுக் கூடுதல் வேலை உண்டு. கெட்ட கேப்புக்குக் கீழே, நல்ல பாறை வரை, ஓர் உட்குழாயை இறக்கி, அதன் அடியில் ரப்பர் தடுப்பை அமர்த்தி, உட்குழாய்க்கும் பாறைச் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கீழிருந்து மேலாக சிமென்ட் பாலால் நிரப்ப வேண்டும். மேலிருந்து வெறுமனே ஊற்றினால் நடுவில் காற்றும் தண்ணீரும் தங்கி, பயனில்லாமல் போகும். 165 மில்லிமீட்டர் துளையில் 125 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாயை இறக்கினால் மீட்டருக்குச் சுமார் 9 லிட்டர் கலவை பிடிக்கும். நாற்பது மீட்டருக்கு அது 360 லிட்டர் அளவில் வரும். ஒரு மூட்டை சிமென்ட் ஏறத்தாழ 40 லிட்டர் கலவை தருவதால், வெடிப்புகள் இழுத்துக்கொள்வதையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு மூட்டைகள் போதும். ஆயிரம் அடி புதுத் துளைக்கு லட்சக்கணக்கில் செலவிடும்போது, இந்தச் செலவை முதலில் செய்து பார்ப்பதில் என்ன தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. நாலரை அங்குலப் பழைய கைப்பம்புத் துளைகளில் உட்குழாய் இறக்கினால் மோட்டாருக்கு இடம் போதாது. எல்லாக் கேப்புகளும் கெட்டுப்போன கிணற்றை எந்தப் பேக்கரும் காப்பாற்றாது. கடலோர வண்டல் பகுதிகளிலும் டெல்டாவிலும் கிணற்றின் அமைப்பே வேறு. அங்கே குழாயைச் சுற்றிக் கூழாங்கல் நிரப்பப்பட்டிருக்கும். குழாய்க்குள் பேக்கரை விரித்தாலும், வெளியே கூழாங்கல் வழியாக உப்பு நீர் இறங்கிவிடும். ஆகவே அங்கே கிணறு போடும் நாளிலேயே, துளைக்குள் கருவி இறக்கி மின்தடையை அளக்கும் மின்னாய்வு செய்து, எந்த அடுக்கு உப்பு, எது நன்னீர் என்று தெரிந்துகொண்டு, இடைப்பட்ட களிமண் அடுக்குக்கு எதிரே குழாயின் வெளிப்புறத்தைக் களிமண்ணாலோ சிமென்டாலோ அடைத்துவிட வேண்டும். பிறகு செய்வது கடினம்.

தண்ணீர் அளவு குறையும் என்பது உண்மையான கவலை. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் உப்புக் கேப்பை அடைத்தால் கால் பங்குத் தண்ணீர்தான் மிஞ்சும். நிமிடத்துக்கு 60 லிட்டர் தந்த கிணறு 15 லிட்டர் தரும். ஆனால் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் இறைத்தால் அது 9000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் வகுத்துள்ள ஆளுக்கு 55 லிட்டர் என்ற அளவில் நூற்றறுபது பேருக்கும், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் அதைப் போலப் பல மடங்கு பேருக்கும் அது போதும். குறைந்த அளவில் வரும் நல்ல தண்ணீரை, மற்றத் தேவைகளுக்கான நீரோடு கலக்காமல் தனித் தொட்டியில் ஏற்றித் தருவது ஓர் ஊராட்சியால் ஆகாத காரியம் அன்று.

இக்கருவியும் நுட்பமும் நமக்குப் புதியவை அல்ல. அணை கட்டும் இடங்களில் அடித்தளப் பாறை எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்பதை, துளைக்குள் பேக்கரை அமர்த்தி அழுத்தத்தில் நீர் செலுத்தித்தான் பொறியாளர்கள் அளக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் நிலவியலாளர் மொரீஸ் லூஜோன் 1933-இல் முன்வைத்த முறை அது. சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோ அழுத்தத்தில், துளையின் ஒரு மீட்டர் நீளம் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் உறிஞ்சினால் ஒரு லூஜோன். இந்தியத் தரநிலை 5529-இன் இரண்டாம் பகுதி பாறைத் துளைகளில் செய்ய வேண்டிய ஊடுருவல் சோதனைகளை வரையறுக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும், தண்ணீர் குறைந்த கிணறுகளில் உயர் அழுத்த நீரால் வெடிப்புகளை விரிவாக்கும் ஹைட்ரோ ஃபிராக்சரிங் பணிக்குப் பேக்கரைப் பயன்படுத்தியிருக்கிறது. வரத்தைக் கூட்டுவதற்குக் கையிலெடுத்த கருவியைத் தரத்தைக் காப்பதற்கும் எடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கைவிடப்பட்ட கிணறுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையைப் பறிகொடுத்த துயரத்துக்குப் பின், திறந்து கிடக்கும் துளைகளை மூட வேண்டும் என்ற உணர்வு மக்களிடம் வலுப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிகாட்டு நெறிகளை வகுத்திருந்தது. கைவிடப்பட்ட துளையைக் களிமண், மணல், கற்கள், கூழாங்கல், துளையிட்டபோது வந்த தூள் ஆகியவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உயிர்களைக் காக்க அது இன்றியமையாதது. ஒரு துளைகூட அப்படி நிரப்பப்படாமல் இருக்கக் கூடாது. எனினும் மணலும் கூழாங்கல்லும் தண்ணீரைத் தடுப்பவை அல்ல. அவற்றால் நிரம்பிய துளை மனிதர்க்குப் பாதுகாப்பானதாக இருந்தாலும், மேலூற்றின் உப்பும் நைட்ரேட்டும் கீழே இறங்கும் வழியாகத் தொடரக்கூடும். கேசிங் முடியும் இடத்திலும், ஒவ்வொரு கேப்புக்கும் இடைப்பட்ட நல்ல பாறையிலும் சில மீட்டர் உயரத்துக்கு, நீர் பட்டால் ஊதி அடைக்கும் பென்டோனைட் களிமண்ணோ சிமென்டோ இட வேண்டும் என்ற ஒரு வரியை, கிணறு தோண்டுதலையும் பாதுகாப்பையும் ஒழுங்குபடுத்தும் 2015-ஆம் ஆண்டின் ஊராட்சி விதிகளில் சேர்த்தால், ஒரே வேலையில் குழந்தைகளும் காக்கப்படுவார்கள், தண்ணீரும் காக்கப்படும்.

புதிதாகப் போடும் கிணறுகளில் செலவே இல்லாத ஒரு பழக்கத்தையும் தொடங்கலாம். ரிக் வண்டியில் துளையிடும்போது ஒவ்வொரு கேப் தட்டியதும் காற்றின் வேகத்தில் தண்ணீர் மேலே பீறிட்டு வருகிறது. அந்த நேரத்தில் ஒரு வாளியில் பிடித்து, கையடக்க மீட்டரில் உப்பைப் பார்த்து, ஆழம், வரத்து, உப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். கீழே போகப் போக மேல் கேப்பின் நீரும் கலந்தே வரும் என்பதால் அது துல்லியமான அளவாகாது. ஆனால் எந்தக் கேப் தட்டியபின் உப்பு திடீரென ஏறியது அல்லது இறங்கியது என்பது அதில் தெளிவாகத் தெரியும். இன்று நிலத்தடி நீர் பற்றிய இந்த முதல்நிலை அறிவு ரிக் ஓட்டுநரின் நினைவில் சில நாள் இருந்துவிட்டு மறைகிறது. பில் கொடுக்கும்போது இந்தத் தாளையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும் என்று ஊராட்சிகள் நிபந்தனை விதிக்கலாம். தனியார் நிலத்தில் போர் போடுகிற விவசாயிகளும் அதைக் கேட்டு வாங்கி, மோட்டார் ரசீதோடு பத்திரப்படுத்தலாம்.

அரசு செய்ய வேண்டியது பெரிய திட்டம் ஏதும் அன்று. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு கேமராவும், இரட்டைப் பேக்கர் தொகுதியும், அவற்றைக் கையாளப் பயிற்சி பெற்ற சிறு குழுவும் அமையட்டும். உப்பு அல்லது ஃபுளோரைடு காரணமாக ஒரு குடிநீர்க் கிணற்றைக் கைவிடப் பரிந்துரைக்கும் கோப்பில், கேப்வாரியாகச் செய்த சோதனையின் முடிவு இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஓர் ஆணை வரட்டும். முதற்கட்டமாக நொய்யல் கீழ்ப்பகுதியிலும் தருமபுரி மாவட்டத்திலும் கைவிடும் நிலையில் உள்ள சில ஆறரை அங்குலக் கிணறுகளைத் தேர்ந்து சோதித்து, வெற்றி கண்டவை, தோற்றவை இரண்டின் விவரங்களையும், எத்தனை அடியில் எந்த அளவு இருந்தது என்ற எண்களோடு, அந்தந்த ஊராட்சியின் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலத்தடி நீர் நிலவியலாளர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.